நிஞ்சா பில்டு கருவி: கம்பைல் வரிசையை நம்பிக் கொடுக்கலாமா?

ஃபோர்ட்ரான் மாட்யூல்கள், ஸ்கிரிப்ட் ஓடி உருவாகும் ஹெடர்கள் (மற்ற கோப்புகள் உள்ளே இன்க்ளூட் செய்துகொள்ளும் அறிவிப்புக் கோப்புகள்), சி பிளஸ் பிளஸ் 20 மாட்யூல்கள். இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் புராஜெக்டில் இருந்தால், குனு மேக்கிலிருந்து நிஞ்சாவுக்கு மாறுவதே நல்லது என்பது எங்கள் முடிவு. எந்தக் கோப்பை எப்போது கம்பைல் செய்வது என்று பார்த்து ஓட்டும் கருவிகள் இவை இரண்டும். ஆனால் நிஞ்சாவைத் தனியாக எடுக்காதீர்கள். நிஞ்சா கோப்பை எழுதித் தரும் சிமேக்கோடு சேர்த்தே எடுங்கள். நிஞ்சா கோப்பைக் கையால் எழுத நினைப்பவர்களுக்கு இந்தக் கருவி பிடிக்காது, அதைச் செய்தவர்களும் அதற்காகச் செய்யவில்லை.

குன்னூரில் சிறு குழுவாக வேலை செய்யும் நாங்கள் இரண்டு நிரல்களை வைத்து இதைப் பார்த்தோம். ஒன்று, கொழுந்து எடைபோடும் மின்தராசிலிருந்து தகவல் வாங்கி ஃபேக்டரிக் கணக்கில் ஏற்றும் சி பிளஸ் பிளஸ் நிரல். மற்றது, மலைச்சரிவில் பெய்யும் மழை எவ்வளவு மண்ணில் ஊறும், எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடும் ஃபோர்ட்ரான் நிரல். முதலாவதில் தராசு அனுப்பும் தகவலின் வடிவத்தை ஒரு விவரக்கோப்பில் எழுதியிருக்கும். அதைப் படித்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஹெடரை உருவாக்கும். இரண்டாவதில் மழை, மண், சரிவு என்று ஒன்றையொன்று சார்ந்த மாட்யூல்கள். கம்பைல் வரிசை தப்பினால் இரண்டுமே உடையும், ஆனால் உடையும் விதம் வேறு.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. நிஞ்சாவை எழுதியவர் கூகுளில் குரோம் உலாவியில் வேலை பார்த்த எவன் மார்ட்டின். ஒரு வரி மாற்றிவிட்டு பில்டு கொடுத்தால் மேக் யோசித்து முடிக்கவே நேரம் போகிறது என்பதுதான் அவர் இதைத் தொடங்கியதற்குக் காரணம். பொதுவெளிக்கு வந்தது 2011இல். அப்பாச்சி உரிமம், இலவசம். ஒரு எம்பிகூட வராத ஒற்றைக் கோப்பு என்பதால், மலையில் நெட் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது என்றாலும் இறங்கிவிடும். உபுண்டுவில் ‘நிஞ்சா-பில்டு’ என்ற பெயரில் பேக்கேஜ் இருக்கிறது. விண்டோஸில் பைத்தானின் பிப் வழியாகவே போட்டுக்கொள்ளலாம். சிமேக் ஜெனரேட்டர் என்ற சூழல் மாறியில் நிஞ்சா என்று ஒருமுறை எழுதிவிட்டால், சிமேக் 3.15 முதல் ஒவ்வொரு முறையும் ஜெனரேட்டரை, அதாவது எந்தக் கருவிக்கான கோப்பு வேண்டும் என்பதை, சொல்ல வேண்டியதில்லை.

இனி வரிசை. புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது, எந்தக் கோப்புக்குப் பின் எந்தக் கோப்பு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் இடத்தை. எஃப் ஷார்ப்பில் அப்படி ஒன்று உண்டு. புராஜெக்ட் கோப்பில் மேலிருந்து கீழாக எழுதிய வரிசைதான் கம்பைல் வரிசை. நிஞ்சாவில் அது கிடையாது. எது எதைச் சார்ந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். வரிசையை அதுவே போட்டுக்கொள்ளும். சார்பு சொல்லப்படாத இரண்டு கோப்புகள் எந்த வரிசையிலும் ஓடலாம், ஒரே நேரத்திலும் ஓடலாம். இதைக் குறை என்று எழுதுபவர்கள் உண்டு. எங்களுக்கு இதுதான் இந்தக் கருவியின் பெரிய பலம்.

காரணம் மேக்கின் பழக்கத்தில் இருக்கிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக்கும் சார்புகளை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் ஒற்றை ஜாபாக ஓட்டினால் ஒரு டார்கெட்டுக்கு (உருவாக்க வேண்டியதற்கு) எதிரே எழுதியிருப்பவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்யும். அதனால் ஹெடர் உருவாக்கும் வேலையை முதலில் எழுதி, கோடு கோப்புகளைப் பின்னால் எழுதினால், சார்பை எங்குமே சொல்லாவிட்டாலும் பில்டு ஓடிவிடும். நாலு கோர் லேப்டாப்பில் ஜே 4, அதாவது ஒரே நேரத்தில் நாலு வேலை, என்று கொடுத்த அன்றுதான் சாயம் வெளுக்கும். அதற்கு ஒரு தெளிவான அறிகுறி உண்டு: சுத்தமான ஃபோல்டரில் முதல் பில்டு தோற்கும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஜெயிக்கும். முதல் ஓட்டத்தில் ஹெடர் தாமதமாக வந்திருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் அது ஏற்கெனவே டிஸ்கில் இருக்கும். ‘ரெண்டு தடவை மேக் கொடுங்க, சரியாயிடும்’ என்று குறிப்பு எழுதிவைத்திருக்கும் எந்தப் புராஜெக்டையும் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு மறைமுக வரிசையும் மேக்கில் இருந்தது. கோப்புப் பெயர்களை வைல்ட்கார்டால் திரட்டினால் வருகிற பட்டியல், 2010இல் வந்த 3.82 பதிப்பிலிருந்து அகரவரிசையில் இல்லை. டிஸ்க் கொடுத்த வரிசையில் வந்தது. 2020இல் 4.3 பதிப்பில்தான் மறுபடி அகரவரிசைக்குத் திரும்பியது. ஒரு மெஷினில் ஓடும் பில்டு பக்கத்து மெஷினில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தராசு ஹெடரைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம், நிஞ்சாவின் தரம் இங்கேதான் தெரிகிறது. அதில் சார்பு மூன்று வகை. நேரடிச் சார்பு: கம்பைலருக்கு உள்ளீடாகப் போகும் கோப்பு. மறைமுகச் சார்பு, ஒற்றைக் குத்துக்கோட்டுக்குப் பின் எழுதுவது: கட்டளையில் வராது, ஆனால் மாறினால் மறுபடி கம்பைல் ஆகும். மூன்றாவது வரிசைக்கு மட்டுமான சார்பு, இரட்டைக் குத்துக்கோட்டுக்குப் பின் எழுதுவது: முதலில் இது முடிய வேண்டும், ஆனால் இது மாறியது என்பதற்காக மட்டும் என்னை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.

உருவாக்கப்படும் ஹெடருக்கு ஏற்றது இந்த மூன்றாவது வகை. எந்தக் கோடு கோப்பு எந்த ஹெடரை இன்க்ளூட் செய்கிறது என்பது கம்பைலர் ஒருமுறை ஓடிய பிறகுதான் நிஞ்சாவுக்குத் தெரியும். இன்க்ளூட் ஆனவற்றைப் பட்டியலிட்டுக் கம்பைலர் எழுதித் தரும் டெப்ஃபைலைப் படித்து அது தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். முதல் பில்டில் அந்தப் பதிவேடு காலி. ஆகவே முதல் முறைக்கு ‘ஹெடர் முடிந்த பிறகே எந்தக் கோப்பையும் தொடு’ என்று வரிசைச் சார்பு காவல் நிற்கிறது. அடுத்த முறையிலிருந்து பதிவேடு பேசும்: தராசு ஹெடர் மாறினால், அதை உண்மையில் இன்க்ளூட் செய்த கோப்புகள் மட்டும் மறுபடி ஓடும். இதையே மறைமுகச் சார்பாக எழுதியிருந்தால் விவரக்கோப்பில் ஒரு வரி மாறினாலும் மொத்த நிரலும் கம்பைல் ஆகும். மேக்கிலும் ஒற்றைக் குத்துக்கோட்டால் வரிசைச் சார்பு எழுதலாம். ஆனால் டெப்ஃபைலை நீங்களே இன்க்ளூட் செய்து கோக்க வேண்டும்.

சிமேக்கில் இதைச் சரியாகச் செய்யும் முறை: கஸ்டம் கமாண்டில் அவுட்புட்டாக ஹெடரையும், டிபெண்ட்ஸில் விவரக்கோப்பையும் ஸ்கிரிப்டையும் எழுதுங்கள். ஸ்கிரிப்டை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. விட்டால் ஸ்கிரிப்டைத் திருத்தினாலும் பழைய ஹெடரே நிற்கும். அந்த ஹெடரை டார்கெட்டின் சோர்ஸ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வரிசைச் சார்பைச் சிமேக்கே போட்டுவிடும். அதே ஹெடர் வேறு டார்கெட்டுக்கும் தேவை என்றால் அங்கேயும் சோர்ஸ் பட்டியலில் எழுதிவிடாதீர்கள். மேக் ஜெனரேட்டரில் இரண்டு டார்கெட்டும் இணையாக ஓடும்போது ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடி, ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மற்றது அழிக்கும். கஸ்டம் டார்கெட் ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு டார்கெட்டையும் ஆட் டிபெண்டன்சீஸ் மூலம் அதோடு இணையுங்கள். கன்ஃபிகர் நேரத்திலேயே, அதாவது பில்டுக்கு முன் சிமேக் ஓடும்போதே, ஸ்கிரிப்டை ஓட்டிவிடுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் விவரக்கோப்பு மாறினால் பில்டுக்கு அது தெரியாது.

விட்டுப்போன சார்பைக் கண்டுபிடிக்க நிஞ்சா 1.11 முதல் ‘மிஸ்ஸிங்டெப்ஸ்’ என்ற உள்கருவி இருக்கிறது. முழு பில்டு முடிந்த பிறகு ஓட்டுங்கள். டெப்ஃபைல் பதிவேட்டையும் நீங்கள் எழுதிய சார்புகளையும் ஒப்பிட்டு, உருவாக்கப்பட்ட ஹெடரைப் பயன்படுத்தும் கோப்பு ஒன்று அதை உருவாக்கும் வேலையோடு இணைக்கப்படாமல் இருந்தால் பெயரோடு சொல்லிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம். மேக்கில் இதற்கு ஈடு, 2022இல் 4.4 பதிப்பில் வந்த ‘ஷஃபிள்’ சுவிட்ச். அது சார்புகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு ஓட்டும். தோற்றால் எந்தக் கலைப்பு என்ற எண்ணைப் பிழைச்செய்தியிலேயே தருவதால் அதே கலைப்பை மறுபடி கொண்டுவரலாம். நல்ல வசதிதான். ஆனால் உபுண்டு 24.04இல் கூட மேக் 4.3தான் வருகிறது.

அடுத்தது ஃபோர்ட்ரான். இங்கே சிக்கல் ஒரு படி கூடுதல். ‘சரிவு’ மாட்யூல் ‘மழை’ மாட்யூலை யூஸ் செய்தால், மழை முதலில் கம்பைல் ஆகி, அதன் இடைமுகத்தைச் சொல்லும் மாட் கோப்பு டிஸ்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாட்யூல் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் நின்றுவிடும். நின்றால் நல்லது. நிற்காத சூழ்நிலைதான் ஆபத்து: முந்தைய பில்டின் பழைய மாட் கோப்பு ஃபோல்டரில் கிடந்தால், வரிசை தப்பியும் கம்பைல் ஓடிவிடும். மழை மாட்யூலில் ஒரு சப்ரூட்டினுக்குப் புதிதாக ஓர் ஆர்க்யுமெண்ட் சேர்த்திருப்பீர்கள். சரிவு இன்னும் பழைய வடிவத்தை நம்பிக் கூப்பிடும். கம்பைல் ஆனவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பெயரை மட்டும் பார்ப்பதால் புகார் சொல்லாது. வெளியே வருவது தவறான ஓட்டநீர் அளவு. மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படும் கணக்கில் இப்படிப்பட்ட பிழைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

எந்தக் கோப்பு எந்த மாட்யூலைத் தருகிறது என்பது கோப்பைப் படித்தால்தான் தெரியும். அதாவது பில்டு தொடங்கிய பிறகு. பழைய நிஞ்சாவால் இது முடியாது. கிட்வேர் நிறுவனம் தன் சிமேக்குக்காக நிஞ்சாவின் தனிப் பிரதி ஒன்றில் இதைச் செய்து வைத்திருந்தது; 2020இல் 1.10 பதிப்பில் ‘டின்டெப்’ என்ற பெயரில் அது முதன்மை நிஞ்சாவிலேயே சேர்ந்தது. வேலை நடப்பது இப்படி: ஒவ்வொரு கோப்பும் முதலில் பிரீபிராசஸ் ஆகும் (அதில் எழுதிய நிபந்தனைகள் தீர்க்கப்படும்), பிறகு மாட்யூல் பெயர்களுக்காக ஸ்கேன் ஆகும், எல்லா ஸ்கேனும் சேர்ந்து ஒரு டின்டெப் கோப்பு உருவாகும், அதைப் படித்து நிஞ்சா தன் வரைபடத்தை ஓட்டத்தின் நடுவிலேயே திருத்திக்கொண்டு கம்பைலைத் தொடங்கும். பிரீபிராசஸ் செய்த பிறகே ஸ்கேன் என்பதால், நிபந்தனைக்குள் எழுதிய யூஸ் வரிகளும் சரியாகப் பிடிபடும்.

விலை இல்லாமல் இல்லை. சிறு சிறு கோப்புகளாக இருக்கும் புராஜெக்டில் ஸ்கேன் படிகள் பில்டு திரையை நிறைக்கும்; முதல் பில்டு சற்று இழுக்கும். அடுத்தடுத்த பில்டுகளில் பலன் வட்டியோடு திரும்பும். மழை மாட்யூலின் உள்ளே கணக்கை மட்டும் திருத்தினால், அதன் வெளி இடைமுகம் மாறாததால் மாட் கோப்பும் மாறாது. நிஞ்சா அதைக் கவனித்து, சார்ந்த கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடும்.

இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று யூஸ் செய்தால் எந்தக் கருவியாலும் வரிசை போட முடியாது. நிஞ்சா சுழற்சி எங்கே என்று கோப்புப் பெயர்களோடு காட்டும். தீர்வு கோடில்தான்: பொதுவான வகைகளை மூன்றாவது மாட்யூலுக்கு எடுங்கள், அல்லது ஃபோர்ட்ரான் 2008இன் சப்மாட்யூலில் உடலைப் பிரித்து எழுதுங்கள். இன்னொன்று: இரண்டு டார்கெட்களில் ஒரே பெயரில் மாட்யூல் இருந்தால் மாட் கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். டார்கெட்டுக்கு ஒரு மாட்யூல் டைரக்டரி என்று பிரித்துவிடுங்கள்.

சி பிளஸ் பிளஸ் 20 மாட்யூல்களும் இதே டின்டெப்பில்தான் ஓடுகின்றன. சிமேக் 3.28, நிஞ்சா 1.11, கம்பைலர் ஜிசிசி 14 அல்லது கிளாங் 16 குறைந்தபட்சம். சிமேக்கின் மேக் ஜெனரேட்டரில் இது கிடையவே கிடையாது. உபுண்டு 24.04இல் சிமேக்கும் நிஞ்சாவும் போதுமான பதிப்பு. ஜிசிசி மட்டும் 13 என்பதால் 14ஐத் தனியாகப் போட வேண்டும்.

இப்போது மின்வெட்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் மரம் விழுந்து லைன் போவது நமக்குப் புதிதல்ல. பில்டு பாதியில் நின்றால் என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. கண்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தினால் மேக், நிஞ்சா இரண்டுமே பாதி எழுதிய அவுட்புட்டை அழித்துவிடும். கரண்ட் போனால் அழிக்க யாரும் இல்லை. பாதிக் கோப்பின் நேரமுத்திரை சோர்ஸைவிடப் புதியது. மேக் நேரத்தை மட்டும் பார்ப்பதால் ‘முடிந்துவிட்டது’ என்று தாண்டிப் போகும். நிஞ்சா தன் பதிவேட்டையும் பார்க்கும்: அந்த வேலை வெற்றியாக முடிந்ததாகப் பதிவு இல்லையென்றால், டிஸ்கில் கோப்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் மறுபடி ஓட்டும். மலையில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம்.

எங்கே பாதி எழுதப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜிசிசியில் ஆப்ஜெக்ட் கோப்பைக் கடைசி நொடியில் அசெம்பிளர் எழுதுகிறது. அங்கே மாட்டும் வாய்ப்பு குறைவு. வரிவரியாக எழுதும் பைத்தான் ஸ்கிரிப்ட்தான் பலவீனம். ஸ்கிரிப்டைத் தற்காலிகப் பெயரில் எழுதவைத்து, முடிந்ததும் பெயர் மாற்றச் சொல்லுங்கள்; எந்தக் கருவியானாலும் இது பாதுகாப்பு.

நிஞ்சாவுக்கும் தப்பும் ஒரு நிலை உண்டு. வேலை முடிந்து பதிவும் ஆகி, லினக்ஸ் இன்னும் டிஸ்கில் இறக்காத சமயத்தில் கரண்ட் போனால், கோப்பு பூஜ்ஜிய அளவில் நிற்கலாம். லிங்கர் கோப்பின் வடிவம் தெரியவில்லை என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்பட்டு, பில்டு ஃபோல்டரில் பூஜ்ஜிய அளவு ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிடுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரமும் பின்னே போயிருக்கும். மேக் ‘கிளாக் ஸ்கியூ’ என்று எச்சரிப்பது அதனால்தான். நேரத்தைச் சரிசெய்யாமல் எந்தப் பில்டையும் நம்பாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரத்துக்குள் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

குறைகளில் முதலாவது மெமரி. நிஞ்சா கேட்காமலேயே பிராசசரின் திரெட் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி ஜாப் தொடங்கும். எட்டு திரெட் என்றால் பத்து. 8 ஜிபி லேப்டாப்பில் டெம்ப்ளேட் நிறைந்த சி பிளஸ் பிளஸ் கோப்புகள் பத்தும் ஒன்றாக ஓடினால் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். ‘கில்டு’ என்று மட்டும் வரும், கோடில் பிழை தேடி நேரம் வீணாகும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று வரம்பிடும் சிமேக்கின் ஜாப் பூல்ஸில் கம்பைலுக்கு 4, லிங்குக்கு 1 என்று ஒதுக்குங்கள். லிங்க் பூலை ஒன்றாக்குவது மட்டுமே பல நேரம் போதும்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. சி பிளஸ் பிளஸில் வெவ்வேறு கோப்புகளில் உள்ள குளோபல் ஆப்ஜெக்ட்கள் எந்த வரிசையில் உயிர்பெறும் என்பதைக் கம்பைல் வரிசையை வைத்து சரிசெய்ய முயல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இந்தக் கருவி உதவாது, உதவவும் கூடாது. ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக வைத்து முதல் அழைப்பில் உருவாக்குங்கள். ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறைதான் பார்க்கிறது என்பதும் தனி விஷயம். பயன்படுத்தும் லைப்ரரி முன்னால், பயன்படுத்தப்படுவது பின்னால். சிமேக்கில் டார்கெட் லிங்க் லைப்ரரீஸைச் சரியாகச் சொன்னால் இது தானே வரும். யூனிட்டி பில்டில் மட்டும் உண்மையிலேயே கோப்பு வரிசை கோடைப் பாதிக்கும்: பல கோப்புகள் ஒன்றாக ஒட்டப்படுவதால், முன்னதன் மேக்ரோ பின்னதில் கசியும். அப்படிப்பட்ட கோப்பை யூனிட்டியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

திடீரென்று எல்லாம் மறுபடி கம்பைல் ஆகிறதா? டீபக் மோடில் ‘எக்ஸ்ப்ளெயின்’ கொடுங்கள். எந்தக் கோப்பு எதைவிடப் பழையது, எந்தக் கட்டளை மாறியது என்று காரணத்தை வரிவரியாகச் சொல்லும். மேக்கின் டீபக் வெளியீட்டில் காரணத்தைப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும்.

பதிப்பு விஷயத்தில், டின்டெப்புக்காக 1.10, மிஸ்ஸிங்டெப்ஸுக்காக 1.11, மிக நீளமான சார்புச் சங்கிலியில் இருக்கும் வேலைகளை முதலில் எடுக்கும் திட்டமிடலுக்காக 1.12. ஃபோர்ட்ரான்காரர்களுக்குக் கடைசி ஒன்று குறிப்பாகப் பயன்படும், மாட்யூல் சங்கிலிகள் நீளமானவை. உபுண்டு 22.04இல் இருப்பவர்களுக்கு பேக்கேஜில் 1.10தான் வரும், பிப் வழியாகப் புதியதைப் போடுங்கள்.

பத்துப் பதினைந்து சி கோப்புகள், ஒரு மேக்ஃபைல், மாட்யூலும் இல்லை உருவாக்கும் ஹெடரும் இல்லை என்றால் மாற வேண்டாம். இருக்கும் மேக்ஃபைலைச் சுத்தமான ஃபோல்டரில் ஜே 8 கொடுத்து ஓட்டுங்கள். முதல் முறையே முடிந்தால் அதுவே போதும்.